மூதியின் இன்னொரு நடை

"பேரு சுடலைக்கண்ணு. வயசு பத்தொம்பது. இருப்பு தென்காசி, பஸ் ஷெட்டுக்குப் பின்னால கரிக் கொட்டகை."

வாயைத் திறந்தால் சுடலைக்கண்ணுவுக்கு முதலில் இதுதான் வரும். ரங்கூனில் குண்டு விழுந்து, அரக்கான் மலையை நடந்தே தாண்டி, அக்கியாபிலும் சிட்டகாங்கிலும் கல்கத்தாவிலும் முகாம் முகாமாக நின்று ஊர் வந்து சேர்ந்தவன் அவன். ஒவ்வொரு முகாம் வாசலிலும் பேர், வயசு, இருப்பு மூன்றையும் சொன்னால்தான் கஞ்சி ஊற்றுவார்கள். ஒன்றரை வருஷம் ஆகியும் அது நாக்கை விட்டுப் போகவில்லை. பஜாரில் ஒருநாள் டீ கேட்கப் போய் "பேரு சுடலைக்கண்ணு" என்று ஆரம்பித்துவிட்டான். கடைக்காரர் அசராமல், "சந்தோசம்லே. எம்பேரு ஆவுடைநாயகம். டீயா, காப்பியா?" என்று கேட்டார்.

இப்போது அவன் நின்றது டைப்ரைட்டிங் வகுப்பு நடக்கும் மாடி அறையில். ஜன்னலுக்கு வெளியே கோயிலின் மொட்டைக் கோபுரம் சாரலில் நனைந்துகொண்டிருந்தது. ஊரில் அன்றைக்கு இருந்த ஒரே தமிழ் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த இராமலட்சுமி விரலை நிறுத்தினாள்.

"ஏ தம்பி, கதை சொல்லுதேன்னுல்லா வந்த. இதையுமா அடிக்கணும்?"

"அடிச்சிட்டீங்களாக்கா?"

"நீ சொல்லுத வேகத்துக்கு நான் எங்க யோசிச்சேன்? அடிச்சிட்டேன்."

"அப்ப இருக்கட்டும்."

அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. படித்தது பர்மாப் பள்ளிக்கூடம். தமிழ் எழுதப் போனால் எழுத்தெல்லாம் வட்டம் வட்டமாக, உழக்கும் நாழியும் கவிழ்த்து வைத்தது போல விழும். அவன் தெரிந்துகொண்ட தமிழ்க் கதை எல்லாம் அண்ணன் சொரிமுத்து வாசிக்கக் கேட்டது. சொரிமுத்து பத்திரிகைப் பைத்தியம். ஊரிலிருந்து வரும் கப்பலில் யார் கையில் தமிழ்ப் புத்தகம் இருந்தாலும் கெஞ்சி வாங்கிவிடுவான். ஆனால் அவனுக்கு ஒரு குணம். கதையை மட்டும்தான் வாசிப்பான். விளம்பரம், அறிவிப்பு, கடிதம் எதையும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

அதனால்தான் சுடலைக்கண்ணு கதை சொல்ல வந்திருந்தான். காணாமற்போன அண்ணனைத் தேடி அறிவிப்புப் போடக் கேட்டு மூன்று பத்திரிகைகளுக்கு ஆள் மூலம் எழுதிப் பார்த்தான். யுத்த காலம், காகிதம் இல்லை, பர்மா அகதிகள் அறிவிப்பே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது என்று பதில் வந்தது. அகதி ஆபீசில் சொரிமுத்து என்ற பெயரை எழுதிக்கொண்ட வெள்ளைக்காரன், 'சாரி, சாரி' என்று இரண்டு தடவை சொல்லிச் சிரித்ததோடு சரி. பத்திரிகைக்காரர்கள் அறிவிப்புப் போட்டாலும் அண்ணன் வாசிக்கப் போவதில்லை. கதையாக வந்தால் வாசிப்பான். அதில் ஒரு வார்த்தை இருந்தால், அது யார் சொன்ன கதை என்று அவனுக்கு அந்த நொடியே தெரிந்துவிடும்.

அந்த வார்த்தையில்தான் முதல் தகராறு வந்தது.

அடித்து முடித்த தாளை இராமலட்சுமி வாசித்துக் காட்டினாள். "'வானத்தில் ஏழு போர்க்கப்பல்கள் இருந்தன. எட்டாவதாக மூதேவி என்று ஒரு கப்பல் இருந்தது...'"

"மூதேவி இல்லக்கா. மூதி."

"ரெண்டும் ஒண்ணுதானே? மூதின்னு அடிக்க எனக்குக் கூச்சமா இருக்கு. எங்க அப்பா பாத்தா டைப்ரைட்டரத் தூக்கி ஆத்துல போட்டுருவாக."

"ஒண்ணு இல்ல. மூதேவி வந்தா வீடு வெளங்காதுன்னு சொல்லுவாக. மூதிங்கது வீட்டுல கூடவே கெடக்குறது. அம்மை புள்ளைய மூதின்னு வையுதா. உழவன் மாட்ட மூதிங்கான். வேல செய்யுத எதையாவது மூதின்னு வையாம இருந்திருக்கோமா நம்மாளுக?"

இராமலட்சுமி தாளை உருவிவிட்டுப் புதுத் தாள் செருகினாள். "மூதி" என்று அடிக்கும்போது மட்டும் ஒற்றை விரலால், பூரானைத் தொடுவது மாதிரி அடித்தாள்.

ரங்கூன் துறைமுகத்தில் ஒரு லாஞ்சு, சின்ன நீராவிப் படகு, இருந்தது. பெரிய கப்பல்களுக்குக் குடிதண்ணீரும் கரியும் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அதன் வேலை. பேர் கிடையாது, நம்பர்தான். அதில் சொரிமுத்து டிரைவர், சுடலைக்கண்ணு கரி தள்ளுகிறவன். அண்ணன் அதை மூதி என்றுதான் கூப்பிடுவான். குண்டு விழுந்த பிற்பாடு பெரிய கப்பல்கள் டிக்கெட் வைத்திருந்தவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பின. கடைசிக் கப்பலுக்கும் மூதிதான் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தது. நிரம்பியதும் கப்பல் ஏணியைத் தூக்கிக்கொண்டது. சொரிமுத்து மேலே பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, தன் லாஞ்சின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து காலிசெய்து, அதற்குள் சனத்தை ஏற்றினான். நாற்பது பேர்கூட நிற்க முடியாத இடத்தில் நூற்றிருபது பேர். ஆற்று வழியே நாலு நாள் தள்ளாடி புரோம் என்ற ஊருக்கு வந்து, எல்லோரையும் இறக்கிவிட்டான்.

"நீ நடந்து போய்க்கிட்டு இருலே. அங்கன இன்னும் சனம் நிக்கி. மூதிய இன்னொரு நடை விட்டுட்டு வந்து ஒன்னப் பிடிச்சிருதேன்."

அந்த இன்னொரு நடை இன்னும் முடியவில்லை.

சுரண்டையில் இருந்த சித்தி ஆவுடைத்தாய்தான் அவனுக்கு மிச்சமிருந்த ஒரே சொந்தம். கதை அடித்து முடித்த மறுவாரம் அவள் கரிக் கொட்டகைக்கே வந்து, முந்தானையில் முடிந்திருந்த எள்ளைக் காட்டினாள்.

"ஆடி அமாவாசைக்குக் குத்தாலத்துல எள்ளுந்தண்ணியும் எறச்சிருவோம்லே. ஒன்னரை வருசம் ஆச்சு. செத்தவன் தண்ணிக்குத் தவிச்சு அலையுதான்."

"அவன் தண்ணிக் கப்பல் ஓட்டுனவன் சித்தி. அவன் எதுக்குத் தண்ணிக்கு அலையணும்?"

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. வருவான் வருவான்னு நீ கெடந்தா, அவனுக்குக் கதி யாரு?"

"கதை சொல்லியிருக்கேன். 'சித்ராநதி' புத்தகத்துல போடுவாக. அது அஸ்ஸாம் பக்கம் ரோடு போடுத முகாமுக்கெல்லாம் போவுதாம். அவன் வாசிப்பான்."

சித்தி மூக்கைச் சிந்தினாள். கெட்டவள் இல்லை, சாமிக்குப் பயந்தவள். "சரி. அமாவாசைக்குள்ள புத்தகத்துல வந்தா அடுத்த ஆடி அமாவாசை வரைக்கும் பொறுக்கேன். வரல்லன்னா நீயே மொட்டை போட்டுக்கிட்டு வந்து நிக்கணும். சம்மதமா?"

"சம்மதம்."

சொல்லிவிட்டானே தவிர, அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

'சித்ராநதி' ஆசிரியர் ஞானசம்பந்தம் ஒவ்வொரு சீசனுக்கும் குற்றாலம் வந்து பத்து நாள் தங்குவார். அவருடைய கடிதங்களை இராமலட்சுமிதான் அடித்துக் கொடுப்பாள். கதையையும் அவள்தான் சேர்த்துக் கொடுத்தாள். அவர் ஊர் திரும்பும் அன்று, "அந்தப் பையனை வரச் சொல்" என்று ஆள் விட்டார்.

சுடலைக்கண்ணு இப்போது வேலை பார்த்தது தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே ஓடும் கரி பஸ்ஸில். யுத்தத்தில் பெட்ரோல் போய்விட்டது. பஸ்ஸின் முதுகில் அடுப்பு மாதிரி ஒரு பெரிய தகர உருளையைக் கட்டி, கரி போட்டு எரித்து, அதில் வரும் வாயுவில் ஓட்டினார்கள். கரி போடுவதும் கிளறுவதும் அவன் வேலை. டிரைவர் கிதிர் முகம்மது ஏறி உட்காரும்போதே வண்டியைத் திட்டிக்கொண்டுதான் உட்காருவார். முதல் நாள் அவர் "கெளம்பு மூதி" என்று சொன்னதைக் கேட்டு, சுடலைக்கண்ணு உருளைக்குப் பின்னால் போய் நின்று அழுதான். கண்ணில் புகை என்று அவரிடம் சொன்னான். கதை பிறந்தது அன்றைக்குத்தான்.

அருவிக் கரையில் ஞானசம்பந்தம் கோவணத்தோடு கல்லில் குப்புறப் படுத்திருந்தார். எண்ணெய் தேய்க்கிறவர் அவர் முதுகில் மத்தளம் வாசித்துக்கொண்டிருந்தார்.

"பேரு சுடலைக்கண்ணு. வயசு பத்தொம்பது..."

"தெரியும் தம்பி, கதையே அப்படித்தான ஆரம்பிக்குது. அத எடுத்துட்டேன்." முதுகில் ஓர் அறை விழுந்தது. "ஆங்! கதை மோசமில்ல. வானக் கப்பல் கதை இப்ப பத்திரிகைக்குப் புதுசு. அது போக ரெண்டே ரெண்டு திருத்தம். அந்தப் பையில இருக்கு, எடுத்துப் பாரு."

"எனக்கு வாசிக்க வராதுங்கய்யா. நீங்களே சொல்லுங்க."

அவர் எழுந்து உட்கார்ந்து, எண்ணெய் வடியும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார். "மூதிங்கத 'ஜோதிராணி'ன்னு மாத்திட்டேன். பொம்பளைக வாசிக்கிற பத்திரிகை, பாரு. அப்புறம் கதைக்கு முடிவே இல்ல. நான் ஒரு வரி சேத்திருக்கேன். 'எரியும் நட்சத்திரத்தில் ஜோதிராணி கலந்து அமரத்துவம் அடைந்தாள்.' எப்பிடி?"

அருவி இரைந்துகொண்டிருந்தது. 

"அது சாகலய்யா."

"கதைதானப்பா."

"கதையிலயும் சாகல."

"சொல்லுறதக் கேளு. மேல்நாட்டுல இந்த மாதிரிக் கதை நெறைய வருது, நான் படிச்சிருக்கேன். எல்லாத்துலயும் வெள்ளி மாதிரி மின்னுற கப்பல், பீரங்கி, தளபதி, இளவரசி. தண்ணி சுமக்கிற வண்டிய எவனாவது கதாநாயகி ஆக்குவானா?"

"அந்தக் கதையில பீரங்கி சுடுதவனுக்குத் தாகம் எடுக்காதாய்யா?"

எண்ணெய்க்காரர் கை நின்றது.

"சோறு திங்க மாட்டானா? எண்ணெய் தீந்தா, ஆணி கழண்டா, காயம் பட்டா யாரு வருவா? எல்லாம் தானா வந்துருமா? எங்க ஆத்துல நின்ன கப்பலுக எல்லாம் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு நின்னுது, தண்ணி தானா வருதுன்னு. எட்டிக்கூடப் பாக்காது. நாங்க கீழ இருந்து குழாயப் பிடிச்சுக்கிட்டு நிப்போம்."

"வாசகன் அதையா பாக்க வாரான்?"

"அவனுக்கும் தண்ணி ஒருத்தன்தானய்யா கொண்டு குடுக்கான்."

ஞானசம்பந்தத்தின் முகம் சிவந்தது. "இந்தா பாரு தம்பி. ஆறு பக்கம் ஒதுக்கியிருக்கேன், இந்தக் காகிதப் பஞ்சத்துல. நான் திருத்தினபடி வந்தா வரும். இல்லன்னா வராது. நாலு மணி ரயிலுக்குப் போறேன்."

வராவிட்டால் சித்தி எள்ளோடு நிற்பாள். திருத்தினபடி வந்தாலோ, ஜோதிராணி என்று ஒன்றை அண்ணன் வாசித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவான்; போதாததற்கு அது செத்தது என்று அச்சிலேயே இருக்கும். சுடலைக்கண்ணு கையை நீட்டினான். 

"அப்ப தாளக் குடுத்துருங்கய்யா."

"என்னது?"

"குடுத்துருங்க. அதுக்கு நான் கருமாதி பண்ண மாட்டேன்."

அவர் பையைத் திறந்து தாள்களை நீட்டினார். ஓரமெல்லாம் சிவப்புப் பென்சில்.

கடவுளின் விளையாட்டோ, ரேஷன் கூப்பனின் விளையாட்டோ, ஞானசம்பந்தத்தைச் சீசன் முழுக்கச் சுற்றிக் காட்டிய நண்பரின் மோட்டாருக்கு அன்று பெட்ரோல் தீர்ந்துபோயிருந்தது. பங்களா வாசலில் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு அது அசையாமல் நின்றது. எனவே மூன்று மணிக்கு, பெட்டியும் குடையுமாக அவர் கரி பஸ்ஸில் ஏறி முன் பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னால் கரிமூட்டையின் மேல் நின்ற சுடலைக்கண்ணுவைப் பார்க்காதவர் போல மலையைப் பார்த்தார்.

மேலகரம் தாண்டிய மேட்டில் பஸ் இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றுவிட்டது.

"சவத்து மூதி!" கிதிர் முகம்மது ஸ்டீரிங்கை ஒரு குத்து விட்டார். "ஏலே சுடலை, எறங்கி மூதிக்கு வயித்தக் கிளறி விடு. அடைச்சுக்கிட்டு."

"மூதி ஏறும்போதே பொருமுச்சே!" என்றார் ஒருவர்.

"போன வாரமும் இந்த மூதி இங்கனதான் நின்னுது" என்றார் இன்னொருவர்.

ஞானசம்பந்தம் கடிகாரத்தைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் ஆகும் டிரைவர்?"

"கால் மணி நேரம் ஆகும் அண்ணாச்சி. மூதிக்கு மனசு வந்தா."

சுடலைக்கண்ணு இடுப்பில் செருகியிருந்த தாள்களில் தணல் பட்டுவிடும் என்று எடுத்து ஜன்னல் வழியே உள்ளே நீட்டினான். "ஆச்சி, இதக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க." ஜன்னலோரம் பலாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த சைதூன் பீவி வாங்கிக்கொண்டார்.

"என்ன வாப்பா, கோர்ட்டு நோட்டீசா? சிவப்பாக் கெடக்கு."

"கதை ஆச்சி."

"என்ன கதை?"

"வானத்துல போற கப்பல் கதை."

"அப்ப சொல்லு. சும்மாதான குத்தவச்சிருக்கோம்."

"பேரு சுடலைக்கண்ணு..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கம்பியால் கரியைக் கிளறியபடியே அவன் சொன்னான்.

நட்சத்திரங்களுக்கு நடுவில் ஒரு ராசாவுக்கு ஏழு கப்பல். ஒவ்வொன்றின் மூக்கும் தங்கம். எட்டாவது ஒன்று உண்டு. அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதன் பேர் மூதி. ஏழுக்கும் தண்ணீர், தீனி, கரி, ஆணி, மருந்து எல்லாம் சுமக்கிறது அது. திருவிழாவில் ஏழும் அணிவகுத்துப் போனால் மூதியை மேகத்துக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள், பார்க்க அசிங்கம் என்று.

"எங்க மாமியா வீட்டுல என்னைய வச்ச மாதிரி" என்றாள் பின் பெஞ்சில் ஒருத்தி. பஸ் சிரித்தது.

ஒருநாள் அவர்கள் குடியிருந்த நட்சத்திரத்தில் தீப்பிடித்தது. ஏழு கப்பலும் மூதியிடம் தண்ணீரும் கரியும் முட்ட முட்ட வாங்கிக்கொண்டு, ராசாவையும் சீட்டு வைத்திருந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு மின்னலாய்ப் பறந்தன. சீட்டு இல்லாத சனம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. மூதியை ஓட்டினவன், தொட்டியைத் திறந்து மிச்சத் தண்ணீரில் பாதியைக் கவிழ்த்துவிட்டு, அந்தச் சனத்தை ஏற்றினான்.

"ஏறுமா அம்புட்டுப் பேரும்?" சைதூன் பீவி கேட்டார்.

"ஏறுனாக ஆச்சி. எப்பிடின்னு கேக்காதீக. ஏறுனாக."

மூதி மெதுவாகத்தான் போகும். மூன்றாம் நாள், நடு இருட்டில் ஏழு கப்பலும் அசையாமல் நிற்பது தெரிந்தது. வேகமாய் ஓடியதில் கரி தீர்ந்துபோயிருந்தது. தங்க மூக்குக்குப் பின்னால் ராசா நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறார். தளபதி கத்துகிறான்: சனத்தை இறக்கு, தண்ணியைக் கொடு, கரியைக் கொடு! மூதி ஓட்டினவன் சொல்கிறான்...

சுடலைக்கண்ணு கம்பியை ஊன்றி நின்றான். அண்ணன் குரல் தானாக வந்தது.

"'தண்ணி தாரேன்லே, குடி. சனத்த எறக்க மாட்டேன். கயித்தப் பிடிச்சுக்கோ, இழுத்துட்டுப் போறேன்.'"

"அப்படிக் கேளு!" என்று கிதிர் முகம்மது ஹாரனை அழுத்தினார்.

ஏழு தங்கக் கப்பலையும் ஒற்றைக் கயிற்றில் கட்டி, முக்கி முனகி, மூதி ஒரு புதுக் கரைக்கு இழுத்துச் சேர்த்தது. சனமெல்லாம் இறங்கியது. மூதி திரும்பியது. எங்கே என்று கேட்டார்கள். அங்கன இன்னும் சனம் நிக்கி, இன்னொரு நடை போயிட்டு வாரேன் என்றான். போனான்.

"பெறகு?"

"அம்புட்டுதான் ஆச்சி."

"என்னது அம்புட்டுதான்? மூதி வந்துச்சா இல்லியா?"

"இன்னும் வரல."

"வரும்லா?"

கரிப்புகையில் அவன் முகம் தெரியவில்லை. "வரும். ஆனா இந்த ஐயா அத எரிச்சிட்டாக. அந்தத் தாள்ல சிவப்பா இருக்குல்லா, அதுதான்."

பஸ்ஸே முன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது.

"ஏன் அண்ணாச்சி, அந்த மூதி ஒமக்கு என்ன கேடு செஞ்சுது?" என்று கேட்டார் ஒருவர்.

"இழுத்துட்டு வந்ததுக்குக் கூலியா?" என்றாள் பின் பெஞ்சுக்காரி.

"இல்லம்மா, கதைன்னா ஒரு முடிவு..." ஞானசம்பந்தம் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "சரி, நான் ஒண்ணு கேக்கேன். அந்த ஏழு கப்பலும் என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கலியே?"

"அதுகளுக்கென்ன?" என்றார் சைதூன் பீவி. "எங்கனயாவது மினுக்கிக்கிட்டு நிக்கும்."

ஞானசம்பந்தத்துக்குப் பங்களா வாசலில் நின்ற மோட்டார் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மறுபடி மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது உருளைக்குள் ஏதோ குமுறி, பஸ் ஒரு குலுங்கு குலுங்கியது. "வா மூதி, வா, என் ராசாத்தி!" என்று கிதிர் முகம்மது கியரைப் போட்டார்.

நாலு மணி ரயில் நாலு மணிக்கு வரவில்லை. பட்டாள வண்டிகளுக்கு வழிவிட்டு எங்கோ நின்றது. தென்காசி ஸ்டேஷன் பெஞ்சில் ஞானசம்பந்தம் உட்கார்ந்திருந்தார். பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிய சுடலைக்கண்ணுவை, "தம்பி, நில்லு" என்றார்.

"அந்தப் பேரு இருக்கட்டும், மூதின்னே போடுறேன். ஆனா முடிவு வேணும்பா. வந்துச்சுன்னாவது சொல்லு. கதைன்னா முடிவு வேணும்."

"ஒங்களுக்கு முடிவு வேணும். எனக்கு எங்க அண்ணன் வேணும்."

அப்புறம்தான் சொன்னான். லாஞ்சு, ஏணி, புரோம், இன்னொரு நடை, விளம்பரம் வாசிக்காத அண்ணன், சித்தியின் எள். இரங்கி ஓர் ஓரத்தில் அறிவிப்பாகப் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் இதுவரை யாரிடமும் முழுசாகச் சொல்லாததை எல்லாம், ஒரே மூச்சில்.

ஞானசம்பந்தம் கையை நீட்டினார். "தாளக் குடு."

கடைசித் தாளில் சிவப்புப் பென்சில் தேய்த்தும் அழியவில்லை. அதைக் கிழித்தார். பெட்டியிலிருந்து வெள்ளைத் தாள் எடுத்து முழங்கால் மேல் வைத்து, பேனாவைத் திறந்தார். "சொல்லு. நீ சொல்லுற மாதிரியே எழுதுறேன்."

"பேரு சுடலைக்கண்ணு. வயசு பத்தொம்பது. இருப்பு..."

"அது முதல் பக்கத்துல வரும்யா. எடுத்தத மறுபடி சேத்துடுறேன். கடைசிய சொல்லு."

அவன் சொன்னான். அவர் எழுதினார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் பேனா நின்றது. "கதைக்குள்ள இப்படி வாசகர்கிட்ட நேராப் பேசுறது வழக்கம் இல்லியே."

"கதைக்கு வெளியில போட்டா அவன் தாண்டிருவான்யா."

அவர் தலையாட்டிவிட்டு எழுதினார். ரயில் வந்தபோது மை காயவில்லை. தாளை விசிறிக்கொண்டே ஏறினார்.

அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால் புத்தகம் வந்தது. இராமலட்சுமி சித்திக்கு வாசித்துக் காட்டினாள். மூதி என்ற இடமெல்லாம் சத்தமாகவே வாசித்தாள். ஆவுடைத்தாய் எழுந்து சுரண்டை பஸ்ஸைப் பிடித்தாள். அமாவாசை அன்று திரும்ப வந்தாள். முந்தானையில் எள் இல்லை. தூக்குவாளியில் எள்ளுருண்டை இருந்தது.

"வாங்கின எள்ள என்ன செய்ய? பிடிச்சிட்டேன். நீ ரெண்டு தின்னு. மிச்சத்த அவனுக்கு வையி."

கதையின் கடைசிப் பத்தி புத்தகத்தில் இப்படி இருந்தது:

'மூதி இன்னும் வரவில்லை. வரும். இதை வாசிக்கிறவர்கள் எந்த ஊரில், எந்த முகாமில் இருந்தாலும் சரி, நெற்றியில் வெட்டுத் தழும்போடு, கதைப் புத்தகம் கேட்டு அலைகிற சொரிமுத்து என்று ஒருவனைப் பார்த்தால், "மூதி எங்கனலே நிக்கி?" என்று கேளுங்கள். கேட்டதும் சிரித்தான் என்றால் அவன்தான். அவனுடைய தம்பி தென்காசியில் பஸ் ஷெட்டுக்குப் பின்னால் கரிக் கொட்டகையில் இருக்கிறான் என்று சொல்லி, தயவுசெய்து அவனை ரயில் ஏற்றி விடுங்கள்.'